அவுட்லுக்கில் 'கனெக்டட்' காணோமா? மெயில் போச்சா, இல்லையா? இப்படி செக் பண்ணுங்க!

'சென்ட்' பட்டனை அழுத்தியதும் மெயில் விண்டோ மூடிவிடும். ஆனால், மெயில் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. கம்ப்யூட்டரில் பயன்படுத்தும் கிளாசிக் அவுட்லுக்கில், கீழே உள்ள ஸ்டேட்டஸ் பார்தான் இணைப்பு நிலையைச் சொல்லும். அது கண்ணில் படாவிட்டால், கடைசி நாளில் அனுப்பிய வேலை விண்ணப்பம்கூட உங்கள் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடலாம்.

முதலில் அவுட்பாக்ஸ்

இடதுபக்க ஃபோல்டர் பட்டியலில் 'அவுட்பாக்ஸ்' இருக்கும். அங்கே மெயில் இருந்தால், அது இன்னும் போகவில்லை. 'சென்ட் ஐட்டம்ஸ்' ஃபோல்டருக்கு வந்துவிட்டால், உங்கள் பக்கம் வேலை முடிந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவுட்பாக்ஸில் உள்ள மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினால், அது அனுப்பும் வரிசையில் இருந்து விலகிவிடலாம். அப்படியானால் மறுபடியும் 'சென்ட்' கொடுக்க வேண்டும்.

ஸ்டேட்டஸ் பார் எங்கே?

சில நேரம் விண்டோவின் கீழ்ப்பகுதி திரைக்கு வெளியே போயிருக்கும். விண்டோஸ் கீ, மேல் அம்புக்குறி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் விண்டோ முழுத்திரைக்கு வரும். மெயில் எண்ணிக்கை, படிக்காதவை போன்ற தகவல்கள் மட்டும் இல்லையென்றால், ஸ்டேட்டஸ் பார் மீது ரைட் கிளிக் செய்து, வேண்டியதை டிக் செய்தால் போதும்.

'வொர்க்கிங் ஆஃப்லைன்' என்று வருதா?

நெட் நன்றாக இருந்தும் மெயில் போகாததற்கு இதுவும் ஒரு காரணம். 'சென்ட்/ரிசீவ்' டேபில் 'வொர்க் ஆஃப்லைன்' பட்டன் இருக்கும். தெரியாமல் கைபட்டால் ஆன் ஆகிவிடும். ஒருமுறை கிளிக் செய்து ஆஃப் செய்துவிட்டு, எஃப்9 அழுத்துங்கள். தேங்கிய மெயில்கள் கிளம்பும்.

பச்சைப் புள்ளி காணோமா?

சக ஊழியரின் பெயருக்குப் பக்கத்தில் வரும் பச்சை, சிவப்பு, மஞ்சள் அடையாளம் வேறு விஷயம். அது டீம்ஸ் செயலியில் இருந்து வருகிறது. அலுவலக அக்கவுன்ட்டில் டீம்ஸ் லாகின் ஆகியிருக்க வேண்டும். டீம்ஸ் செட்டிங்ஸில் 'ஜெனரல்' பகுதிக்குப் போய், ஆபீஸ் செயலிகளுக்கான சாட் ஆப்பாக டீம்ஸைப் பதிவு செய்யும் ஆப்ஷனை டிக் செய்து, இரண்டையும் மூடித் திறங்கள். பிறகு அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், பீப்பிள் என்று போய், பெயருக்கு அருகில் ஆன்லைன் ஸ்டேட்டஸைக் காட்டும் ஆப்ஷன் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்பவும் சரியாகலையா?

கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி அவுட்லுக் ஐகானை கிளிக் செய்தால், சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். அதில் எல்லாம் சரியாக இருந்தால், ஏதோ ஒரு ஆட்-இன்தான் சிக்கல். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

கடைசி நேரத்தில் இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், பிரவுசரில் அதே மெயில் அக்கவுன்ட்டைத் திறந்து அங்கிருந்தே அனுப்பிவிடுங்கள். அவுட்பாக்ஸில் தேங்கியதை மறக்காமல் டெலீட் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரே மெயில் இரண்டு முறை போகும்.