கைபேசியை அணைத்தாலும் பாட்டு நிற்காது

மாமல்லபுரத்தில் ஒரு வீட்டுக் கூடம். வைஃபையில் இணைந்த மியூசிக் பிளேயர் ஒன்று அலமாரியில் இருக்கிறது. கைபேசியில் ஸ்பாட்டிஃபை இசைச் சேவையைத் திறந்து, ஒரு பாட்டைத் தொட்டு, கூடத்து பிளேயரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பாட்டு தொடங்குகிறது. இப்போது கைபேசியை அணைத்துப் பாருங்கள். பாட்டு அது பாட்டுக்கு ஓடும்! புளூடூத் ஸ்பீக்கர் என்றால் அந்தக் கணமே அடங்கியிருக்கும். அங்கே பாட்டைச் சுமப்பது கைபேசி. இங்கே கைபேசி பாட்டைத் தொடவே இல்லை.

சரி, பிளேயர் இருப்பது கைபேசிக்கு எப்படித் தெரிந்தது? வீட்டு வலையமைப்பில் 224.0.0.251 என்று ஒரு பொது முகவரி உண்டு. அதற்கு அனுப்பும் கேள்வி, அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேரும். “இங்கே பாடக்கூடியவர் யார்?” என்று கைபேசி கேட்கிறது. பிரிண்டர் வாய் திறக்காது. பிளேயர் தன் பெயரையும் முகவரியையும் சொல்லிவிடும்.

அடுத்து நடப்பது மளிகைக்கடை வழக்கம். “இவரிடம் சாமான் கொடுத்தனுப்பவும், என் கணக்கில் எழுதிக்கொள்ளவும்” என்று சீட்டு எழுதித் தருவோமே, அதுதான். இந்தச் சீட்டுக்கு டோக்கன் என்று பெயர்: இன்ன கணக்கின் சார்பில் இந்தக் கருவி பாட்டு கேட்கலாம் என்று சேவையின் சர்வர் தரும் நீண்ட எழுத்துச் சரம். கடவுச்சொல் பிளேயருக்குத் தெரியவேண்டியதில்லை. டோக்கனுக்கு ஆயுளும் குறைவு. பல சேவைகளில் ஒரு மணி நேரம்தான். காலாவதியாகும் முன் பிளேயரே புதியதை வாங்கிக்கொள்ளும்.

டோக்கனோடு பிளேயர் நேராக இணையத்துக்குப் போகிறது. ஸ்பாட்டிஃபை பிறந்தது ஸ்வீடனில் என்பதால் பாட்டு அங்கிருந்து வரவேண்டும் என்றில்லை. அதிகம் கேட்கப்படும் பாட்டுகளின் நகல்களைக் கேட்பவருக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பது இத்தகைய சேவைகளின் உத்தி. நகல்கள் தங்குவதற்கேற்ற தரவு மையங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியிலேயே எழுந்திருக்கின்றன, பழைய மகாபலிபுரம் சாலையோரம். பக்கத்தில் நகல் இல்லாத அபூர்வப் பாட்டென்றால் கடலடிக் கம்பி இருக்கிறது. 2002 முதல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கம்பியின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். ஒளி அதை 16 மில்லிநொடியில் கடந்துவிடும்.

பெரும்பாலும் வருவது முழுப் பாட்டும் அல்ல. சிடி தரத்தில் ஒலி நொடிக்கு 44,100 முறை, இரண்டு காதுக்கும் தனித்தனியே அளக்கப்படுகிறது. அப்படியே அனுப்பினால் ஐந்து நிமிடப் பாட்டு 53 மெகாபைட். நொடிக்கு 320 கிலோபிட் என்று சுருக்கினால் 12தான். மீதி 41 மெகாபைட்? அதில் பெரும்பகுதி, காது கவனிக்காது என்று துணிந்து விட்டுவிட்டவை. மிருதங்கத்தில் ஓங்கி விழும் அடி, அதையொட்டிய மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும். அடிக்குச் சில மில்லிநொடி முன்பு வந்த ஒலிகூட அதில் காணாமல்போகும்! இந்த மறைப்பைக் கணக்கிட்டே சுருக்குகிறார்கள்.

வீட்டுக் கணினியில் சேர்த்துவைத்த பாட்டுகள் என்னாகும்? 2001இல் கலிபோர்னியாவின் ஸ்லிம் டிவைசஸ் நிறுவனம் கொண்டுவந்த ஸ்லிம்பி3 பிளேயர் அவற்றை இசைக்கத்தான் பிறந்தது. அதன் வழிவந்த ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகளின் தயாரிப்பு 2012இல் நின்றது. ஆனால் அவற்றுக்காக வீட்டுக் கணினியில் ஓடும் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் ஆர்வலர்கள் இன்றும் அதை வளர்க்கிறார்கள். பிளகின் என்னும் துணைநிரல்கள் மூலம் இணையச் சேவையின் பட்டியலும் உங்கள் சொந்தக் கோப்புகளும் ஒரே அடுக்கில் வந்து அமர்கின்றன. வீட்டுக் கல்யாணக் கச்சேரிப் பதிவு முடிந்ததும், அடுத்த பாட்டு இணையச் சேவையிலிருந்து வரும்.

கூடத்திலும் சமையலறையிலும் ஒரே பாட்டு வேண்டுமா? ஒவ்வொரு பிளேயரும் தன் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பை நம்பி ஓடுகிறது. இரண்டு படிகங்களுக்கு இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லிநொடி விலகிவிடும், பாட்டு எதிரொலிக்கும். அதனால் பிளேயர்கள் ஓயாமல் நேரம் ஒத்துப்பார்க்கின்றன. முந்துகிற பிளேயரைப் பிடித்து நிறுத்த, 44,100 அளவுகளுக்கு நடுவே நொடிக்கு இரண்டைக் கூடுதலாகச் செருகினால் போதும். காது கண்டுகொள்ளாது.

கடைசி மூன்று மீட்டர், ஸ்பீக்கரிலிருந்து உங்கள் காது வரை, காற்றின் பொறுப்பு. அதைக் கடக்க ஒலிக்குச் சுமார் 9 மில்லிநொடி ஆகும். சிறுசேரியிலிருந்து கம்பி 100 கிலோமீட்டர் சுற்றி வந்தாலும் ஒளிக்கு அரை மில்லிநொடி போதும். நாற்காலியை ஒரு மீட்டர் முன்னால் இழுத்துப் போடுங்கள்: ஏறத்தாழ 3 மில்லிநொடி மிச்சம். சர்வரை 600 கிலோமீட்டர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததற்கு அது சமம்!