சமையலறைக் கையிருப்புக்கு ஓர் எக்ஸெல் ஒர்க் ஷீட்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டு கேட்டாயிற்று, படம் பார்த்தாயிற்று, பிள்ளைகளும் கேம் விளையாடிப் பார்த்துவிட்டார்கள். அடுத்து, "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதனால் வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?" என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லச் சரியான இடம் சமையலறை. அலமாரியில் என்னென்ன இருக்கிறது, அதில் எதை முதலில் எடுத்துச் சமைக்க வேண்டும் என்று காட்டும் ஒரே ஒரு ஒர்க் ஷீட்டைத் தயாரித்தால் போதும். வீணாகும் பொருள் குறையும். இருப்பதையே மறுபடி வாங்குவதும் நிற்கும். இதற்கு எக்ஸெல்லில் பெரிய அனுபவம் தேவையில்லை. எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

குதிர் சொல்லும் பாடம்

வலங்கைமான் பக்கத்துப் பழைய வீடுகளில் மண்ணால் செய்த குதிரும், மரப் பலகைகளால் ஆன பத்தாயமும் இருந்தன. சில வீடுகளில் இன்றும் மூலையில் நிற்கின்றன. நெல்லை மேலே கொட்டுவார்கள். எடுப்பதற்குக் கீழே ஒரு சிறு வாய் இருக்கும். அடியில் கிடக்கும் பழைய நெல்தான் முதலில் வெளியே வரும். கம்ப்யூட்டர் பாடத்தில் இந்த முறைக்குக் கியூ என்று பெயர். பஸ் டிக்கெட் வரிசை போல, முதலில் வந்தது முதலில் போகும்.

இன்றைய பிளாஸ்டிக் டப்பாவோ இதற்கு நேர் எதிர். புதிதாக வாங்கிய பருப்பைப் பழையதன் மேலேயே கொட்டுகிறோம். எடுக்கும்போதும் மேலிருந்தே எடுக்கிறோம். அடியில் இருப்பது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இதை ஸ்டேக் என்பார்கள். கடைசியாக வந்தது முதலில் போகும். தட்டுகளை அடுக்க இது நல்ல முறை. தானியத்துக்கு ஆகாது. நம் ஊர் வெப்பத்தில் அரிசி வண்டு முட்டையிலிருந்து முழு வண்டாக வளரச் சுமார் ஒரு மாதம் போதும். அடியில் கிடக்கும் அரைக் கிலோவில் தொடங்கி, மேலே கொட்டிய புது அரிசிக்கும் அது பரவிவிடும்.

டெல்டா மாவட்டங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வீட்டுக்கு மூன்று வழிகளில் பொருள் வருகிறது. சொந்த வயல் அல்லது குத்தகை நெல் ஒன்று. குறுவையும் சம்பாவும் அறுவடையானதும் மூட்டையாக வந்து சேரும். அடுத்தது ரேஷன். 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாயாகக் குறைக்கப்பட்ட ரேஷன் அரிசி, 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைதாரர்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. மூன்றாவது மளிகைக் கடை. கும்பகோணம் சுமார் 10 கிலோமீட்டர்தான் என்பதால் மாதம் ஒருமுறை போய் மொத்தமாக வாங்கி வருகிறவர்கள் உண்டு. இந்த மூன்றையும் சேர்த்து ஒரே இடத்தில் பார்க்க வழியில்லாததால்தான், புழுங்கலரிசி மூன்று பாத்திரங்களில் இருக்கும்போதே நான்காவதாக ஒரு பை வந்து சேர்கிறது.

இது நம் வீட்டுப் பிரச்னை மட்டும் அல்ல. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ம் ஆண்டில் உலகில் சுமார் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் சுமார் 63 கோடி டன் வீடுகளில் வீணானது. கடைகளும் ஓட்டல்களும் சேர்ந்து வீணாக்கியதைவிட இது அதிகம்.

முதலில் கணக்கெடுப்பு

கடைக்குப் போகாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். சமையலறை, பரண், ஃப்ரிட்ஜ், மூட்டை வைக்கும் அறை என்று எல்லா இடத்திலும் இருப்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எக்ஸெல்லைத் திறந்து, முதல் வரிசையில் ஏ முதல் ஐ வரை உள்ள செல்களில் இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்:

ஏ – பொருள்
பி – இருக்கும் இடம்
சி – அளவு
டி – அலகு
இ – வாங்கிய தேதி
எஃப் – கடைசித் தேதி
ஜி – மீதி நாள்
எச் – ஓர் அலகின் விலை
ஐ – மதிப்பு

தமிழில் டைப் செய்யத் தனி எழுத்துரு எதுவும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் பகுதியில் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

இப்போது ஒவ்வொரு பொருளாக நிரப்புங்கள். மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

1. அளவையும் அலகையும் ஒரே செல்லில் போடாதீர்கள். "2 கிலோ" என்று டைப் செய்தால் எக்ஸெல் அதை எழுத்தாகத்தான் பார்க்கும். கூட்டவோ பெருக்கவோ முடியாது. ஒரு செல்லில் 2, அடுத்த செல்லில் கிலோ என்று பிரித்துப் போடுங்கள். அரைக் கிலோ என்றால் 0.5.

2. பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். ஓரிடத்தில் "துவரம்பருப்பு", இன்னோரிடத்தில் "து.பருப்பு" என்றிருந்தால் நமக்குப் புரியும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வெவ்வேறு பொருள்.

3. தேதியைச் சோதியுங்கள். 25/06 என்பது போல 12-க்கு மேற்பட்ட நாள் உள்ள ஒரு தேதியை ஆண்டுடன் டைப் செய்து என்டர் தட்டுங்கள். அது செல்லின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் எக்ஸெல் அதைத் தேதியாக ஏற்றுக்கொண்டது என்று பொருள். இடப்பக்கம் நின்றால் உங்கள் கம்ப்யூட்டர் மாதத்தை முதலில் எதிர்பார்க்கும் அமெரிக்க முறையில் இருக்கிறது. மேலே சொன்ன லாங்குவேஜ் அண்ட் ரீஜன் பகுதியிலேயே ரீஜனல் பார்மட் என்பதை இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றிவிடுங்கள். இன்றைய தேதியைப் போட கண்ட்ரோல் கீயுடன் அரைப்புள்ளி கீயை அழுத்தினாலே போதும்.

கடைசித் தேதி எது?

பாக்கெட் பொருள்களில் தேதி அச்சிடப்பட்டிருக்கும். "யூஸ் பை" அல்லது "எக்ஸ்பைரி" என்றிருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு சாப்பிடக்கூடாது. "பெஸ்ட் பிஃபோர்" என்பது வேறு. அந்தத் தேதி வரை சுவையும் மணமும் குறையாது என்று தயாரிப்பாளர் சொல்வது அது. பிரிக்காத பாக்கெட்டில் அந்தத் தேதி முடிந்த மறுநாளே எல்லாம் கெட்டுப்போய்விடுவதில்லை. பார்த்து, முகர்ந்து முடிவு செய்யலாம்.

சில்லறையாக வாங்கிய பருப்புக்கும் ரேஷன் அரிசிக்கும் அச்சிட்ட தேதி இருக்காது. இவற்றுக்கு நீங்களே ஒரு கெடு வையுங்கள். எஃப் செல்லில் சமக்குறி போட்டு, அதே வரிசையின் இ செல்லைக் கிளிக் செய்து, கூட்டல் குறியும் 45 என்ற எண்ணும் டைப் செய்து என்டர் தட்டினால், வாங்கிய நாளிலிருந்து 45-வது நாள் தானாக வந்துவிடும். தேதி மறந்துபோனால், ரேஷன் வாங்கியதும் பதிவு செய்த மொபைலுக்கு வரும் எஸ்.எம்.எஸ்.ஸைப் பாருங்கள். நெல்லாகவே வைத்திருப்பவர்கள் நீண்ட கெடு கொடுக்கலாம். உமி காப்பதால், அரிசியைவிட நெல் அதிக நாள் தாங்கும். தேவைக்கேற்ப அவ்வப்போது அரைத்துக்கொள்வது நல்லது.

இரண்டே பார்முலா

மீதி நாளைக் கண்டுபிடிக்க ஜி2 செல்லில் சமக்குறி போடுங்கள். எஃப்2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். கழித்தல் குறி போடுங்கள். பிறகு டுடே என்ற சொல்லை, டி, ஓ, டி, ஏ, ஒய் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விடாமல் ஒரு திறக்கும் அடைப்புக்குறியும் ஒரு மூடும் அடைப்புக்குறியும் போட்டு என்டர் தட்டுங்கள். எண்ணுக்குப் பதிலாக 1900-ம் ஆண்டுத் தேதி ஏதாவது வந்தால் பயப்பட வேண்டாம். ஹோம் டேபில் நம்பர் பகுதிக்குச் சென்று, டேட் என்றிருப்பதை ஜெனரல் என்று மாற்றினால் சரியாகிவிடும். இந்த எண் தினமும் தானாகவே ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வரும்.

மதிப்புக்கு ஐ2 செல்லில் சமக்குறி, சி2 செல்லில் கிளிக், பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, எச்2 செல்லில் கிளிக், என்டர். இந்த இரு செல்களிலும் கீழ் வலது மூலையில் தெரியும் சிறு சதுரத்தை டபுள் கிளிக் செய்தால் பட்டியலின் கடைசி வரை பார்முலா நிரம்பிவிடும்.

குதிரைப் போல அடுக்குவோம்

இனி முக்கியமான கட்டம். ஜி காலத்தில் ஏதாவது ஒரு செல்லைக் கிளிக் செய்து, டேட்டா டேபில் சிறியதிலிருந்து பெரியதற்கு வரிசைப்படுத்தும் பட்டனை அழுத்துங்கள். காலம் முழுவதையும் செலக்ட் செய்துவிட்டு அழுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் எக்ஸெல் ஒரு கேள்வி கேட்கும். அதில் எக்ஸ்பேண்ட் த செலக்ஷன் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உளுந்தின் நாள் மிளகாய்க்கும், மிளகாயின் நாள் ரவைக்கும் போய்விடும்.

அடுத்து ஜி2 முதல் பட்டியலின் கடைசி வரை உள்ள செல்களைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் என்று செல்லுங்கள். கட்டத்தில் 15 என்று கொடுத்து ஓ.கே. செய்யுங்கள். 15 நாளுக்குள் தீர்க்க வேண்டியவை எல்லாம் சிவப்பாகத் தெரியும்.

புதிதாக வாங்கி வந்தால் பழைய வரியில் அளவைக் கூட்டாதீர்கள். புதிய வரியாகச் சேருங்கள். பழைய துவரம்பருப்பு ஒரு வரி, புதியது ஒரு வரி. டப்பாவிலும் இதே விதிதான். பழையது தீரும் வரை புதியதைப் பிரிக்கக்கூடாது. குதிரின் கீழ் வாய் செய்த வேலையை இந்த ஒரு விதி செய்துவிடும்.

பட்டியலிலிருந்து அடுப்புக்கு

ஞாயிற்றுக்கிழமை தோறும் முதல் ஐந்து வரிகளை மட்டும் பாருங்கள். அந்த வாரச் சமையல் அதிலிருந்து தொடங்கட்டும். கைப்பிடி கைப்பிடியாக மிஞ்சிய பருப்புகள் எல்லாம் அடைக்கு ஆகும். பச்சரிசி அதிகம் இருந்தால் அரிசி உப்புமா, புட்டு. ரேஷன் புழுங்கலரிசி இட்லி மாவுக்குப் போகட்டும். கோடையில் நல்ல வெயில் இருந்தால் மிஞ்சிய அரிசியைக் கூழ் வடகமாகப் போட்டு வைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. தீர்க்க வேண்டும் என்பதற்காகக் கெட்டதைச் சாப்பிடக்கூடாது. குறிப்பாகப் பூஞ்சை பிடித்த வேர்க்கடலை, மிளகாய், தானியம் ஆகியவற்றில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். வெயிலில் காயவைத்தாலும், வறுத்தாலும் அது முழுவதுமாகப் போகாது. அதைக் கொட்டிவிட்டுக் கணக்கில் எழுதுங்கள்.

சமைப்பவர் ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரிடம் வர முடியாது. எனவே பட்டியலை ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். எடுத்ததை அதில் குறிக்கட்டும். ஞாயிறன்று கம்ப்யூட்டர் தெரிந்தவர் ஷீட்டில் ஏற்றிவிடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சி.

எவ்வளவு மிச்சம்?

மாதக் கடைசியில் ஐ காலத்தின் கீழே உள்ள காலி செல்லில் நின்று ஆட்டோசம் பட்டனை அழுத்தினால் வீட்டில் இருக்கும் பொருளின் மொத்த மதிப்பு தெரியும். அதை வைத்து இந்தக் கணக்கைப் போடுங்கள்:

போன மாத இருப்பு + இந்த மாதம் வாங்கியது – இந்த மாத இருப்பு = செலவானது

உதாரணத்துக்கு, போன மாத இருப்பு 3,000 ரூபாய், வாங்கியது 4,000, இப்போது இருப்பு 3,600 என்று வைத்துக்கொள்வோம். செலவானது 3,400 ரூபாய்தான். மீதி 600 ரூபாய் டப்பாக்களில் முடங்கிக் கிடக்கிறது. அடுத்த மாதக் கடைச் சீட்டில் அந்த அளவுக்குக் குறைக்கலாம்.

ஷீட் இரண்டில் "வீணானது" என்று ஒரு தனிப் பட்டியல் வையுங்கள். கிலோ 140 ரூபாய் உளுந்தில் அரைக் கிலோ வண்டு அரித்துப் போனால் 70 ரூபாய் என்று எழுதுங்கள். மூன்று மாதங்களில் எந்தப் பொருள் அடிக்கடி அங்கே வருகிறது என்று தெரிந்துவிடும். அதைக் கிலோவாக வாங்காமல் கால் கிலோவாக வாங்குங்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது முழுவதும் தீரும் பொருளுக்குத்தான் பொருந்தும்.

பைலை மறக்காமல் சேவ் செய்து, பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும் என்பதில்லை. அரிசி, பருப்பு, மிளகாய், புளி, எண்ணெய் ஆகிய ஐந்தோடு இந்த வாரம் தொடங்குங்கள். அடுத்த முறை கடைக்குக் கிளம்பும்போது சீட்டு எழுதுவதற்கு முன்னால் ஷீட்டைத் திறந்து பாருங்கள்.