அன்னாசிச் சாறு ஏன் உறைய மறுக்கிறது?

கடைகளில் கரடி வடிவில் விற்கும் ஜெல்லி மிட்டாயை வீட்டிலேயே செய்யலாம். அரை கப் குளிர்ந்த பழச்சாற்றில் இரண்டு மேசைக்கரண்டி ஜெலட்டின் பொடியைத் தூவி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். சர்க்கரை சேர்த்து, இளந்தீயில் கரையும்வரை மட்டும் கிளறி, அச்சில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். கொதிக்க விட வேண்டாம்; அதிகச் சூட்டில் ஜெலட்டினின் உறையும் சக்தி குறைந்துவிடும்.

ஆனால் அன்னாசியைப் பிழிந்த சாற்றை அப்படியே ஊற்றினால், எவ்வளவு நேரம் வைத்தாலும் உறையாது. ஜெலட்டின் ஒரு புரதம். அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற நொதி அந்தப் புரதத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். பப்பாளியில் உள்ள பப்பைனும் அதே வேலையைத்தான் செய்கிறது. தீர்வு எளிது: சாற்றை மட்டும் முதலில் நன்றாகக் கொதிக்கவைத்தால் நொதி செயலிழக்கும். ஆறிய பிறகு ஜெலட்டினைச் சேர்க்கலாம்.

ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருவது. சைவம் வேண்டுவோருக்கு அகர் அகர் இருக்கிறது. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அது தயாராகிறது. அதற்கு எத்தனை உழைப்பு! ஜெலட்டினைப் போல அல்லாமல், அகரைக் கொதிக்கவைத்தே கரைக்க வேண்டும். மிட்டாய் இழுபடாது, கடித்தால் உடையும். ஆனால் நம் ஊர் வெயிலிலும் உருகாது.

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த மிட்டாய் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.