கலப்புத் தவளையின் உடலும் வித்தும்

மத்திய ஐரோப்பாவின் குளங்களில் வசந்தம் முதிரும் நாட்களில் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும் ஒரு பச்சைத் தவளைக்கு, 1758ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 'ராணா எஸ்குலெண்டா' என்று நாமகரணம் செய்து, அதைத் தனியோர் இனமாகப் பதிந்து வைத்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1960களில், போலந்து நாட்டு விலங்கியல் அறிஞர் லெஷெக் பெர்கர் இத்தவளைகளைத் தமக்குள்ளும் அண்டை இனங்களோடும் இணைசேர்த்து, முட்டைகளை வளர்த்துப் பார்த்தபோதுதான், இது தனி இனமன்று, லெசோனே என்ற சிறிய குளத்துத் தவளையும் ரிடிபண்டா என்ற பெரிய சதுப்புத் தவளையும் கூடிப் பிறந்த கலப்புச் சந்ததி என்பது வெளிப்பட்டது.

பின்னங்காலைப் பிடித்து, உள்விரலின் அடியிலுள்ள புடைப்பைப் பார்த்தால், அத்தாட்சி அங்கேயே இருக்கிறது. பனிக்காலத்தில் நிலத்தில் புதைந்து உறங்கும் லெசோனேக்கு அது மண்ணைத் தோண்டத்தக்க வகையில் கெட்டியாக, அரைவட்டமாக, உயர்ந்து நிற்கும். நீரின் அடியிலேயே கிடந்து, தோலின் வழியே சுவாசித்துக் குளிர்காலத்தைக் கழிக்கும் ரிடிபண்டாவுக்கோ தாழ்ந்து சிறுத்திருக்கும். கலப்புத் தவளைக்கு இரண்டுக்கும் இடைப்பட்டிருக்கும். புடைப்பைப் போலவே வாழ்க்கையும்: அது நிலத்திலும் உறங்கும், நீரிலும் உறங்கும். பிராணவாயு குன்றிய நீரை லெசோனேயைக் காட்டிலும் நன்றாகத் தாங்குகிறது. அதன் தலைப்பிரட்டைகளும் பல பரிசோதனைகளில் லெசோனேயின் தலைப்பிரட்டைகளை வளர்ச்சியில் விஞ்சியிருக்கின்றன. இதைக் கண்டு, கலப்பென்றாலே வலிமை என்று முடிவு கட்டிவிடலாகாது. அதே போலந்தில், கிராக்கோவின் அருகே, வயிற்றில் வண்ணத்திட்டுகள் கொண்ட இருவகைச் சிறு தேரைகள் சந்திக்கும் எல்லையில் கலப்புக் கருக்கள் பெற்றோரினத்துக் கருக்களைவிட மிகுதியாக மடிகின்றன. ஆகவே அந்தக் கலப்பு மண்டலம் எத்தனையோ தலைமுறைகள் கடந்தும் சுமார் 6 கிலோமீட்டர் அகலத்துக்குள் ஒடுங்கியே கிடக்கிறது.

நமது பச்சைத் தவளையின் உண்மையான விசித்திரம் உடலில் இல்லை, பீஜகோசத்தில் இருக்கிறது. அதன் தோல், தசை, இருதயம் ஆகிய எல்லாவற்றின் உயிரணுக்களிலும், தாய்வழி 13, தந்தைவழி 13 என 26 குரோமோசோம்கள் சமரசமாகக் கூடி வேலை செய்கின்றன. ஆனால் முட்டைக்கும் விந்துவுக்கும் மூலமாகும் அணுக்களில் மட்டும், தலைப்பிரட்டைப் பருவத்திலேயே, லெசோனேயின் 13 குரோமோசோம்களும் சிறு சிறு உட்கருக்களாகப் பிரித்து ஒதுக்கப்பட்டு அழிக்கப்படுகின்றன. எஞ்சிய ரிடிபண்டாத் தொகுதி தன்னைத் தானே இரட்டித்துக்கொண்டு, பிறகு வழக்கமான பகுப்பை மேற்கொள்கிறது. கோவேறு கழுதையின் மலட்டுத்தனத்துக்கு ஒரு முக்கிய காரணம், இருவழிக் குரோமோசோம்களும் சரிவர ஜோடி சேர இயலாமை. தவளையோ ஒரு வழியை அறவே களைந்துவிட்டு, அந்தச் சங்கடத்திலிருந்து தப்பிவிடுகிறது. பெரும்பாலான இடங்களில் வித்து உருவாகும் முறை இதுவே. லெசோனேயோடு மீண்டும் இணைந்தால் மீண்டும் கலப்புத் தவளையே பிறக்கும். ஆக, லெசோனேயிடமிருந்து பெறும் பாதிச் சொத்து ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக வாங்கும் கைமாற்றேயன்றி, பேரப்பிள்ளைக்குப் போய்ச் சேரும் ஆஸ்தி அன்று.

இந்தச் சாமர்த்தியத்துக்கும் விலை உண்டு. சாதாரண இனங்களில் தாய்வழியும் தந்தைவழியும் தலைமுறைதோறும் தம் பகுதிகளைப் பரிமாறிக்கொள்வதால், தீய மாறுதல்கள் களையப்பட வழியிருக்கிறது. இங்கோ ரிடிபண்டாத் தொகுதி பரிமாற்றமின்றி அப்படியே நகலாகிச் செல்வதால், ஏறிய பழுது இறங்குவதே இல்லை. லெசோனேயின் நல்ல பிரதி அருகில் இருக்கும் வரை அந்தப் பழுது உடலில் தலைகாட்டாது. ஒரே குளத்துக் கலப்புத் தவளைகள் இரண்டு தமக்குள் இணையும்போதோ, இருபுறமும் அதே பழுதுற்ற தொகுதியே வந்து சேர்வதால், தலைப்பிரட்டைகளில் மிகப் பெரும்பாலானவை உருமாற்றம் அடையுமுன்பே செத்துப்போகின்றன. வெவ்வேறு இடத்துத் தவளைகளை இணைத்தாலோ பல குஞ்சுகள் பிழைத்துவிடுகின்றன; ஒவ்வொரு வழியிலும் பழுது வெவ்வேறு இடத்தில் ஏறியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பெற்றோரினம் அருகில் இல்லாவிட்டால் இத்தவளை அற்றுப்போகும் என்றுதானே நினைப்போம்? டென்மார்க்கிலும் ஸ்வீடனின் தென்கோடியிலும் கலப்புத் தவளைகள் மட்டுமே வாழும் குளங்கள் இருக்கின்றன. அங்கே 39 குரோமோசோம்கள், அதாவது மூன்று தொகுதிகள், உடையவை கலந்து வாழ்கின்றன. லெசோனேத் தொகுதி இரண்டும் ரிடிபண்டாத் தொகுதி ஒன்றும் பெற்ற தவளை, தனித்து நிற்கும் ரிடிபண்டாத் தொகுதியைத் தள்ளிவிட்டு, மற்ற இரண்டையும் முறைப்படி ஜோடி சேர்த்துப் பரிமாறவிட்டு, லெசோனேயின் வித்தை வழங்குகிறது. வராத பெற்றோரின் ஸ்தானத்தை இந்த மும்மடித் தவளைகள் வகிக்கின்றன. எனினும் இருபுறமும் ஒரே இனத்து வித்துச் சேர்ந்த கருக்கள் அக்குளங்களிலும் ஆண்டுதோறும் உருவாகி, முதிர்ச்சி எய்தாமலே பெருவாரியாக மடிந்துகொண்டுதான் இருக்கின்றன.