சட்டைப் பைக்குள் ஒரு சாவிக்கொத்து

பீளமேட்டில் நடுத்தரக் குடும்பத்தார் வசிக்கும் எந்த வீட்டுக் கூடத்திலும் மேஜைமீது இரண்டு மூன்று ரிமோட்டுகள் கிடப்பதைக் காணலாம். டெலிவிஷனுக்கு ஒன்று, கேபிள் பெட்டிக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று. குளிர்சாதன யந்திரமும் இருந்துவிட்டால் நாலாவதும் சேரும். இவற்றுள் ஒன்றுக்குப் பின்மூடி போய், ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருக்கும். இன்னொன்றில் எந்தப் பொத்தானை அதிகம் அழுத்துகிறார்களோ அதன் எழுத்து மட்டும் தேய்ந்திருக்கும். மற்றொன்று சோபாவின் இடுக்கில் அஞ்ஞாதவாசம் செய்துகொண்டிருக்கும். அத்தனை ரிமோட்டுகளின் வேலையையும் ஒரே ஸ்மார்ட் போன் செய்துவிடும் என்றால் யாருக்குத்தான் ஆசை பிறக்காது? அந்த ஆசை எவ்வளவு தூரம் நிறைவேறக்கூடியது, நிறைவேறினால் வீட்டில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

தொலைவிலிருந்தே ஒரு பொருளை ஏவும் வித்தை நம் தேசத்துக்குப் புதிதன்று. 1895-ம் ஆண்டில் கல்கத்தா நகரில் ஸ்ரீ ஜகதீச சந்திர போஸ் கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்தி, மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1898-ல், நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகைக் கம்பியின்றி ஓட்டினார். டெலிவிஷனுக்கென்று ஏற்பட்ட ரிமோட்டோ 1950-ல் அமெரிக்காவில் ஸெனித் கம்பெனி வெளியிட்டது. அதற்கு நீண்ட கம்பி உண்டு. கூடத்தில் நடப்போர் கால் தடுக்கி விழுவதற்கு மிகவும் சௌகரியமானது! 1955-ல் ஒளியைப் பாய்ச்சும் ரிமோட் வந்தது. அதற்குச் சூரிய வெளிச்சமே விரோதியாயிற்று. 1956-ல் ராபர்ட் ஆட்லர் என்பவர் அலுமினியக் கோல்களைச் சிறு சுத்தியால் தட்டி, மனிதர் காதுக்கு எட்டாத ஒலியால் ஏவும் முறையை அமைத்தார். அதன் பிறகு வந்ததே இன்று நம் கையிலிருக்கும் அகச்சிவப்பு ரிமோட்.

அகச்சிவப்பு என்பது 1800-ம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த, கண்ணுக்குப் புலனாகாத ஒளி. ரிமோட்டின் முனையிலுள்ள சிறு விளக்கு இந்த ஒளியைப் பெரும்பாலும் விநாடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கும்படி அனுப்புகிறது. அறையிலுள்ள வேறு வெளிச்சங்களிலிருந்து தனக்குரிய ஒளியை டெலிவிஷன் பிரித்தறிய இந்தத் துடிப்பே அடையாளம். விட்டு விட்டு வரும் துடிப்புகளின் நீள அளவே பாஷை. ஒவ்வொரு கம்பெனியின் பாஷையும் வேறு. ஆகையால்தான் ஒரு வீட்டில் இத்தனை ரிமோட்டுகள்.

இதே விளக்கை உச்சியில் வைத்துச் செய்த ஸ்மார்ட் போன்கள் உண்டு. 2013-ல் வந்த ஸாம்ஸங் காலக்ஸி எஸ்-4 அவற்றில் ஒன்று. பின்னர் பல கம்பெனிகள் இதைக் கைவிட்டுவிட்டன. ஷியோமி கம்பெனியின் பல மாடல்களில் இன்றும் இருக்கிறது. ஐ-போனில் இந்த வசதி வைக்கப்பட்டதே இல்லை. போனின் மேல் விளிம்பில் கறுத்த சிறு புள்ளி தென்பட்டால் அது இந்த விளக்காக இருக்கக்கூடும். அதற்குரிய செயலியில் டெலிவிஷனின் பெயரைத் தேர்ந்தெடுத்து, அது காட்டும் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும். எதற்குப் பெட்டி பணிகிறதோ அதுவே அதன் பாஷை. அரசாங்கம் 2006-ம் ஆண்டிலிருந்து இலவசமாக வழங்கிய பழைய வர்ணப் பெட்டி இன்னும் ஓடும் வீடுகளில் இந்த வழி ஒன்றே பயன்படும்.

புதிய டெலிவிஷன்களுக்கு இரண்டாவது வழி உண்டு. போனும் டெலிவிஷனும் வீட்டிலுள்ள ஒரே வை-பை இணைப்பில் இருந்தால், விளக்கு இல்லாத போனும் ரிமோட் ஆகிவிடும். முதல் தடவை திரையில் ஓர் எண் தோன்றும். அதைப் போனில் பதிந்தால் உறவு ஏற்பட்டுவிடும். ஆனால் இணைப்பு அறுந்தால் அதிகாரமும் அறுந்தது. கேபிள் பெட்டியோ பெரும்பாலும் இந்த உறவுக்கு உட்படாது. அதற்குப் பழைய ரிமோட்டே கதி.

மற்றொரு யோசனையும் சொல்லவேண்டும். இத்தகைய செயலிகளில் சில, நம் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்கின்றன. டெலிவிஷனின் ஒலியைக் கூட்டுவதற்கும் நம் சம்பந்தி வீட்டு டெலிபோன் நம்பருக்கும் என்ன சம்பந்தம்? அந்த அனுமதியை மறுத்துவிடுவதே புத்திசாலித்தனம். டெலிவிஷன் செய்த கம்பெனியே தரும் செயலி இருக்கும்போது வேறொன்றைத் தேடுவானேன்?

இனி, இதில் அடங்கிய பெரிய விஷயத்துக்கு வருவோம். ரிமோட் மேஜைமீது கிடந்தவரை அது வீட்டுப் பொதுச் சொத்து. பேரனும் எடுக்கலாம், பாட்டியும் எடுக்கலாம். போனுக்குள் புகுந்த மறுகணமே அது ஒருவருடைய சட்டைப் பைக்குப் போய்விட்டது. மகன் காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது டெலிவிஷனின் சாவியும் கூடவே கிளம்பிவிடுகிறது. “கண்ணு, அந்த டீவியக் கொஞ்சம் போட்டுட்டுப் போ சாமி” என்று ஆத்தா கெஞ்சுகிறாள். “வந்து போடறேனுங்காத்தா” என்று பேரன் வாசலைத் தாண்டிவிடுகிறான். பகல் முழுதும் தனியே இருக்கும் மூதாட்டிக்குப் பிற்பகல் தொடரும் பக்திப் பாட்டும் அற்பமல்ல. அவைதாம் அவளுக்குப் பேச்சுத் துணை. அதற்கும் பிறர் தயவை நாட வைப்பது சௌகரியமாகுமா?

இதற்கு விடை வெளிதேசத்தில் இல்லை. நம் கொங்கு நாட்டுத் தோட்டங்களிலேயே இருக்கிறது. பைகாரா மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் கோவைப் பக்கம் வந்தது. 1937-ல் ஸ்ரீ ஜி. டி. நாயுடுவும் ஸ்ரீ டி. பாலசுந்தரமும் இந்தியாவிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். காளை பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்தபோது, நள்ளிரவில் பாம்பும் தேளும் உள்ள வரப்பில் குடியானவர் டார்ச்சு விளக்குடன் நடக்க நேர்ந்தது. இதைப் போக்கக் கைபேசியால் ஏவும் ஸ்டார்ட்டர் பெட்டிகள் வந்தன. பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். வீட்டிலிருந்தபடியே அழைத்தால் மோட்டார் ஓடும். மின்சாரம் இல்லையென்றாலும் கிணற்றில் நீர் வற்றினாலும் பெட்டியே தகவல் சொல்லும்.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பல ஸ்டார்ட்டர்களில் ஒரே போன் நம்பர் அல்ல, குடும்பத்தாரின் பல நம்பர்களைப் பதியலாம். அப்பன் ஊரில் இல்லாவிட்டால் மகள் மோட்டாரைப் போடுவாள். அதுவும் இயலாவிட்டால், பெட்டியின் மேலேயே பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் இருக்கின்றன. தண்ணீருக்குச் செய்த இந்த ஏற்பாட்டைப் பாட்டுக்கும் படத்துக்கும் செய்யலாகாதா? செயலியை வீட்டிலுள்ள எல்லாப் போன்களிலும் பதியுங்கள். அதோடு, சாதாரண ரிமோட் ஒன்றைப் புதிய பாட்டரி போட்டு, ஆத்தாவின் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அது வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால், போனின் முன்பக்கக் காமிராவுக்கு எதிரே பிடித்து அழுத்துங்கள்; பெரும்பாலான போன்களில் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி திரையில் வெளிறிய புள்ளியாகத் தெரியும்.

ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தரமுடியும் என்று ஸ்ரீ நாயுடு 1941-ல் அறிவித்தார். செல்வந்தர் கூடத்தில் மட்டும் ஒலித்த கருவி எளியவர் வீட்டிலும் ஒலிக்க வழியுண்டு என்பதல்லவா அதன் பொருள்? அவர் பெயர் தாங்கிய மேம்பாலம் 2025-ம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டு, இன்று பீளமேட்டின் தலைக்கு மேலேயே செல்கிறது. அதன் இரு மருங்கிலும் பொறியியல் கற்கும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பெரிய பொத்தான்கள் நாலைந்து, அவற்றின்மீது தெளிவான தமிழ் எழுத்து, உள்ளே சிறு சிப்பு ஒன்றும் அகச்சிவப்பு விளக்கு ஒன்றும்; இவ்வளவே தேவை. கண் மங்கிய முதியவரும் தடவிப் பார்த்து இயக்கக்கூடிய அப்படிப்பட்ட ரிமோட்டை மலிவாகச் செய்து தருவது அவர்களுக்குக் கடினமான காரியமல்ல. பாட்டன்மார் கிணற்றடிக்கு மோட்டார் செய்து கொடுத்த ஊர் இது. பேரன்மார் ஆத்தாவின் கைக்கு நாலு பொத்தான் செய்து கொடுக்கட்டும்!