குட்டி யானைக்குள் ஒரு சமையலறை

ஆம்பூரில் ஷூ கம்பெனி விடும் நேரத்துக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை ஓரத்தில் குட்டி யானை வண்டிகள் வந்து நின்று பக்கக் கதவைத் தூக்கும். கொஞ்ச நேரத்தில் டீ கொதிக்கும், கல்லில் பரோட்டா விழும். பிரியாணிக்கு விறகடுப்பே பெருமை என்கிற ஊரில், இந்த வண்டிகள் பிழைப்பது கேஸில். வெளிநாடுகளில் கேரவனுக்குக் கேஸ் குழாய் போட தனி விதிமுறைகளே இருக்கின்றன. இங்கே பாடி கட்டும் வெல்டரே பெரும்பாலும் அதையும் சேர்த்து முடித்துவிடுகிறார்.

டேனரிக் கழிவுத் தொட்டியில் இறங்கியவர் மேலே வராத செய்தி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அந்தத் தொட்டியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். சமையல் கேஸ் அதைவிடக் கனம். அதில் இருக்கும் புரொப்பேன் காற்றைப்போல ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தரையோடு படுத்துக்கொள்ளும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஆகவே ஜன்னலை மட்டும் நம்பிப் பயனில்லை. சிலிண்டருக்கு வெளிப்பக்கம் திறக்கும் தனி அறை, அதன் தரையில் கீழ்நோக்கி ஓட்டை, இரண்டும் வேண்டும். தண்ணீர் தெறிக்கிறதென்று அந்த ஓட்டையின் மேல் ரப்பர் பாய் விரித்தால் எல்லாம் வீண்.

சிலிண்டரை நிமிர்த்திப் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். சாய்ந்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். ஒரு பங்கு திரவம் சுமார் 250 பங்கு கேஸாக விரியும். வியாபாரத்துக்கு 19 கிலோ நீலச் சிலிண்டர்தான். வீட்டுச் சிவப்புச் சிலிண்டர் சட்டவிரோதம்.

குழாய் விஷயத்தில்தான் பட்டறைகள் சறுக்குகின்றன. வீட்டில் குழாய் அசையாது, வண்டியில் நாள் முழுக்கக் குலுங்கும். தகட்டில் துளை போட்டு அப்படியே நுழைத்தால், அந்த விளிம்பே நாளடைவில் குழாயை அறுத்துவிடும். துளைக்கு ரப்பர் வளையம், வழி நெடுக கிளாம்ப், அடுப்பருகே மட்டும் சிறு துண்டு டியூப். வீட்டில் 5 ஆண்டுக்கு ஒருமுறை டியூபை மாற்றச் சொல்கிறார்கள். வண்டியில் அத்தனை நாள் விடக்கூடாது என்பது என் கட்சி. மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பாருங்கள். தீக்குச்சி சோதனை வேண்டவே வேண்டாம்.

2023 ஆகஸ்ட் 26 விடிகாலையில் மதுரையில் தீப்பிடித்த சுற்றுலா ரயில் பெட்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை, நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. விதியை மீறி ஏற்றிய சிலிண்டரால் 9 பேர் இறந்தார்கள். நிற்கும் வண்டிக்கும் அதே கவனம் வேண்டும். ராத்திரி மூடும்போது அடுப்புத் திருகோடு விடாமல் சிலிண்டர் வால்வையும் மூடுங்கள். காலையில் வாடை அடித்தால் லைட் சுவிட்சைத் தொடாமல் கதவுகளைத் திறந்துவிட்டு, தள்ளிப் போய் நின்று கேஸ் கசிவு அவசர எண் 1906-க்கு போன் போடுங்கள்.