விரால் பிடிக்கப் போறீங்களா?

சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துக் குளங்களில் தூண்டில் போடும் நேயர்களே! விரால், நீர்மட்டத்துக்கு வந்து காற்றையும் சுவாசிக்கும் மீன். அதிகாலையிலும் அந்தியிலும் அல்லிக்கொடி ஓரத்தில் குமிழி எழுந்தால் கவனியுங்கள். ரப்பர் தவளையைக் கொடிமேல் மெல்ல இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுங்கள். கவ்வியதும் வெடுக்கென்று சுண்டாதீர்கள். ஒரு நொடி பொறுத்துச் சுண்டுங்கள்.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் தெரிந்தால், அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும், விட்டுவிடுங்கள்.

மழை தொடங்கியதும் முட்டையிட எதிர்நீச்சலில் ஏறிவரும் மீன்களைப் பிடிக்கும் ‘ஊத்தப் பிடித்தம்’, கேரளத்தின் 2010-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். பாலக்காடானாலும் இடுக்கியானாலும், அந்த நாட்களில் மீனுக்கு வழிவிடுங்கள்.